பேர்தின்னித் தீவில் அம்மா

பேர்தின்னித் தீவைத் தாண்டும்போது யாரையும் நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். வள்ளத்தில் போகும்போது அந்தத் தீவின் காடு கண்ணில் பட்டதும் எல்லோரும் மீன் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்போம். சாளை, நெத்திலி, வாளை, சீலா, ஊளி, விளமீன், கட்டா. தீவு பின்னால் போய் மறைகிறவரை நிறுத்த மாட்டோம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டோம். அதற்காகவே எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு மீன் பெயர் உண்டு. நான் ஒல்லி, அதனால் முரல். என் தம்பி ஜெரின் பொடியன், அதனால் காரல். அம்மாவுக்குத் திருக்கை. கோபம் வந்தால் அவள் கை திருக்கை வால் மாதிரி எங்கிருந்து வரும் என்றே தெரியாது. சித்தி வைத்த பெயர் அது.

அம்மா இப்போது என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு என்னவோ ஆகிவிடும் போலிருக்கிறது.

தீவுக்குச் சாபம் என்றுதான் ஊர் சொல்லும். அங்கே கால் வைத்தவன் உயிரோடு திரும்பி வருவான், ஆனால் ஒரே ஒரு ஆளை மறந்துவிட்டு வருவான். ஸ்தனிஸ்லாஸ் மாமா ஒரு தடவை இஞ்சின் நின்றுபோய் அங்கே இரண்டு மணி நேரம் ஒதுங்கினார். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தவர், அடுப்படியில் நின்ற மாமியைப் பார்த்து, அம்மா நீங்க யாரு, என் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு வருஷம் கழித்து அதே மாமியை அதே கோயிலில் இரண்டாவது தடவை கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு தடவையும் ஏமாந்தது நான்தான் என்று மாமி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் மங்கை மேடம் வந்த பிறகுதான் அது சாபம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அவர் தாவரங்களைப் பற்றி ஆராய்கிறவர். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் தங்கி, வாயையும் மூக்கையும் மூடுகிற பெரிய முகமூடியைப் போட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை தீவுக்குப் போய் வருவார். ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து விளக்கினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், காற்றில் இருக்கிற புகையை வேகமாகக் குடித்து வளரும் மரம் ஒன்றை யாரோ ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, ஆளில்லாத தீவாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள். மரம் நன்றாக வளர்ந்தது. அதன் மகரந்தம் மனுஷ மூளையை என்ன செய்யும் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"உங்க ஊர்ல உப்பளம் இருக்கு இல்லையா?" என்று மேடம் கேட்டார். "ஞாபகமும் பாத்தியில விளைஞ்ச உப்பு மாதிரிதான். ஒருத்தரை நாம நினைக்கும்போது, அந்த உப்புல தண்ணி விட்ட மாதிரி ஞாபகம் கொஞ்சம் கரையும். நினைச்சு முடிச்சதும் மறுபடி உறைஞ்சிரும். இந்த மகரந்தம் அதை உறைய விடாது. கரைஞ்சது கரைஞ்சதுதான், ஓடிப் போயிரும்."

அப்படியென்றால் கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொண்டே போய் வரலாமா என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். மேடமும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அப்போது அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நான்கு மாதம் முன்னால் ஜெரின் போய்விட்டான். அவனுக்கு எட்டு வயது. அப்பா அவன் பிறந்த வருஷம் கப்பல் வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. அதனால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

ஆடி மாதம். மாதா திருவிழா. கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காலம். அந்தக் காலத்தில் கரையோரம் மிதக்கிற தெர்மாகோல் தெப்பத்தை முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு என்று இரண்டு கயிற்றில் கட்டுவது எங்கள் வழக்கம். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நான் வீட்டு வாசலில் சீரியல் பல்பு கட்டுவதற்காகப் பின்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஜெரின் என் காலைச் சுற்றிக்கொண்டு, நானும் பல்பு மாட்டுகிறேன், நானும் மாட்டுகிறேன் என்று நச்சரித்தான். ஒரு பல்பை உடைத்தும்விட்டான். போய்த் தெப்பத்தில் உட்கார்ந்து விளையாடு, அரை மணி நேரத்துக்கு என் கண் முன்னால் வராதே என்றேன்.

அவன் வரவில்லை.

முன்கயிறு கல்லில் உரசி அறுந்திருந்தது. மூன்றாம் நாள் தெப்பம் பேர்தின்னித் தீவின் மணலில் ஒதுங்கிக் கிடந்தது. அவன் அதில் இல்லை. பின்கயிறு எங்கே போனது என்று கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சேட்டைக்காரப் பயல், விளையாட்டாக அவனே அவிழ்த்திருப்பான் என்றார்கள். நான் அங்கேதான் நின்றேன். செத்துப்போன என் தம்பி தலையில் அந்தப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கோயிலில் நடக்கிற ஞானோபதேச வகுப்புக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

சீரியல் பல்பை மூன்று மாதம் யாரும் கழற்றவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் காணோம். பல்புகள் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. கயிறு இல்லை. கேட்கப் பயம், கேட்கவில்லை. அதிலிருந்து அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். சோறு போட்டுத் தட்டை நகர்த்தி வைப்பாள், கண் சுவரில் இருக்கும். பிள்ளை போன துக்கம், வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது. ஜெரினையே நினைத்துக்கொண்டு அம்மா அந்தக் காட்டுக்குள் போனால் ஜெரினை மறந்துவிடுவாள். அழுகை நின்றுவிடும். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அவன் இல்லாமல் போனால் அவன் எப்படிப் போனான் என்கிற கேள்வியும் இல்லாமல் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

தெப்பம் ஒதுங்கிய இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, போவோம்" என்றாள். உடனே சொன்னாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தியின் பைபர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனோம். மேடம் அறையிலிருந்து ஒரு முகமூடியைத் திருடி வைத்திருந்தேன். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. ஜெரினின் நீலச் சட்டையைத் தேடி எடுத்து அம்மா மடியில் வைத்தேன். வழியெல்லாம் அவனைப் பற்றியே பேச்சுக் கொடுத்தேன். அவனுக்குப் பல் விழுந்தது, கோயில் மணியை இழுத்து ஊரையே கூட்டியது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அம்மா சட்டையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்தாள். தீவு தெரிந்ததும் நான் முகமூடியை மாட்டிக்கொண்டு மீன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் ஏன் முகமூடி என்று அவள் கேட்கவே இல்லை.

மணலில் இறங்கினோம். காட்டின் ஓரம் வரைக்கும் மஞ்சளாக மாவு தூவிய மாதிரி இருந்தது. பறவைச் சத்தம் இல்லை. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை, அதனால் மரத்தடிக்குப் போகலாம் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே பத்து அடி போனதும் அம்மா நின்றாள். ஜெரின் சட்டையை நாலாக மடித்து, கொண்டுவந்த பைக்குள் வைத்து, பையின் வாயையும் முடிந்தாள். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெனிட்டா" என்றாள்.

அந்தத் தீவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முகமூடிக்குள்ளிருந்து என் சத்தம் வெளியே வரவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள். எனக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்துபோய்க் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையைப் பிடித்து வள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

தீவு மறைந்த பிறகு முகமூடியைக் கழற்றினேன். அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வழியில் பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"எம்மா, நீ யாரு வீட்டுப் பிள்ள? இவ்வளவு சின்னப் பிள்ள தனியா வள்ளம் ஓட்டுதியே."

அதன் பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, ஜெரின், ஜெரின் என்று அழ ஆரம்பித்தாள்.

ஊருக்கு வந்து, தீவுக்குக் கூட்டிப்போனதைச் சொன்னதும் லூர்து சித்தி என்னைக் கன்னத்தில் அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கு ஒரேயடியாக அதிர்ச்சி வேண்டாம் என்று மங்கை மேடம் சொன்னதால், நான் தூரத்துச் சொந்தக்காரப் பிள்ளை, படிப்பதற்காக இங்கே தங்கியிருக்கிறேன் என்று சித்தி அம்மாவை நம்ப வைத்தாள். நான் இருக்கிற போட்டோக்களை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தாள். நான் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டு பகலில் அம்மாவிடம் போய் வந்தேன். ஊரும் வாயை மூடிக்கொண்டது. இந்த மாதிரி விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழக்கம் உண்டு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். மீனில் முள் எடுத்துப் போட்டாள். சாப்பிடும்போது, "எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருந்திருந்தா ஒன்ன மாதிரி இருந்திருப்பா" என்றாள். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

முகமூடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேடம் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தாங்க" என்றார். "நீங்க தீவுக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒருத்தர் செஞ்ச ஒரே ஒரு காரியத்தை மட்டும் மறக்க முடியுமான்னு கேட்டாங்க. ஆளை மறக்கக் கூடாது, அந்தக் காரியம் மட்டும் போகணும்னாங்க. யாருன்னு கேட்டேன், சொல்லல. கையில ஒரு கயித்துச் சுருளை வச்சு உருட்டிக்கிட்டே இருந்தாங்க. ஓடிப்போன புருஷனைப் பத்திக் கேக்குறாங்கன்னு நான் நினைச்சுட்டேன்."

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"முடியாதுன்னேன். பாத்தியில தண்ணி விட்டா ஒரு கல் உப்பு மட்டும் கரையாது, எல்லாம்தான் கரையும்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம், 'கரைஞ்சா கரையட்டும் மேடம். அந்தப் பிள்ளய நான் புதுசா ஒரு தடவ பாத்துக்கிடுதேன்'னு சொன்னாங்க. பிள்ளைன்னு அவங்க சொன்னதை நான் அப்பவே கவனிச்சிருக்கணும். கவனிக்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

அந்தக் காரியம் என்ன என்று மேடம் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. எழுந்து வெளியே வந்தேன். நான் அம்மாவை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனதாக நினைத்திருந்தேன். அவள் எல்லாம் தெரிந்து, என்னை மன்னிக்க முடியாமல், வெறுக்கவும் முடியாமல், என்னையே முழுசாகக் கரைத்துவிட என்னோடு வந்திருக்கிறாள். அந்தக் கயிற்றைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இப்போது அவளுக்கும் தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கயிற்றை அவள் என்ன செய்தாள் என்றுகூடத் தெரியவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

இனிமேலும் மறைப்பது பாவம் என்றாள் சித்தி. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றாள். சித்திக்குத் தெரிந்ததெல்லாம் நான் அம்மாவைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனது மட்டும்தான். மேடத்திடமும் கேட்டேன். சொன்னால் நம்புவார்கள், ஆனால் பழைய பாசம் தானாக வராது, முதலிலிருந்து வளர வேண்டும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சித்தி போட்டோக்களைக் கொண்டுவந்து அம்மா முன்னால் பரப்பினாள். முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்றைக்கு எடுத்த என் புதுநன்மைப் போட்டோ. வெள்ளைக் கவுனில் நான், பக்கத்தில் அம்மா, அவள் இடுப்பில் கைப்பிள்ளையாக ஜெரின். அம்மா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடந்ததைச் சித்தி சொன்னாள். தீவுக்குப் போனோம், காற்று மாறிவிட்டது, மறந்துபோச்சு. அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா அழுவாள், அல்லது என்னைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நான் பயந்தே போயிட்டேன், தெரியுமா" என்றாள். "அந்தப் பயல நெனைக்கும்போதெல்லாம் அங்கங்க ஓட்டையா இருக்கும். அவன் யாரையோ பாத்துச் சிரிக்கான், அந்தப் பக்கம் ஆளே இல்ல. யாரு பின்னாலயோ ஓடுதான், முன்னால ஆளே இல்ல. பிள்ளைக்குப் புத்தி சரியில்லாம இருந்திருக்குமோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அது நீதானாட்டி?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அவன் தனியா இல்ல" என்றாள். போட்டோவை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "எப்பவும் கூட ஒரு அக்கா இருந்திருக்கா."

அதற்கும் நான் தலையாட்டினேன்.

அன்றைக்கே என் துணி மூட்டையைச் சித்தி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லாவற்றையும் சொல்லு, ஒரு நாளைக்கூட விடக் கூடாது, ஓட்டை எல்லாம் அடைபட வேண்டும் என்றாள். தினமும் சாப்பிட்ட பிறகு பாயை விரித்து, என்னைப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டு கேட்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னால், அவள் தன் பிள்ளையான என்னையே விலையாகக் கொடுத்துத் தொலைத்ததைத் திரும்ப அவள் கையில் கொடுக்கிறேன். சொல்லாவிட்டால், அவள் என் தலையைத் தடவுகிற ஒவ்வொரு முறையும் திருடுகிறேன். இதில் எது இரக்கம், எது பயம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பயம்தான் என்று நினைக்கிறேன்.

பிறந்தது, பெயர் வைத்தது, முதலில் தவழ்ந்தது, என் நோட்டைக் கிழித்தது எல்லாம் சொல்லியாயிற்று. இன்றைக்கு அவனுக்கு இரண்டு வயது நடக்கிறது. அந்த ஆடி மாதம் வர இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் ஆறு வருஷமும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் நடக்காத ஒரு நாளைச் சேர்த்துச் சொன்னேன். நானும் ஜெரினும் உப்பளத்து வரப்பில் ஒரு நண்டுக்குக் கயிறு கட்டி ஊர்வலம் கூட்டிப்போன மாதிரி. கயிறு என்று வாயில் வந்த பிறகுதான் பயந்து, நூல் என்று மாற்றினேன். அம்மா கவனிக்கவில்லை. இத்தனை நாள் சொன்னதில் அதற்குத்தான் அதிகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

நாளைக்குச் சொல்ல இன்னொரு நாளை யோசித்து வைத்துவிட்டேன்.